ஷெர்லக் ஹோம்ஸ் திரையில்: புதியவர்கள் வாட்சனைப் பின்தொடர ஒரு வழிகாட்டி

ஷெர்லக் ஹோம்ஸைத் திரையில் பார்க்க ஆசைப்பட்டுத் தேடத் தொடங்கினால் முதலில் தலை சுற்றும். கறுப்பு வெள்ளையில் ஒரு ஹோம்ஸ் நாஜி உளவாளிகளை விரட்டுகிறார். இன்னொரு ஹோம்ஸ் கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்புகிறார். ஒருவர் நியூயார்க்கில் வசிக்கிறார், மற்றொருவர் ரஷ்ய மொழி பேசுகிறார். 2012இல் கின்னஸ் நிறுவனம் கணக்கெடுத்தபோது, திரைப்படம், தொலைக்காட்சி இரண்டிலுமாக 254 முறை அவர் சித்திரிக்கப்பட்டிருந்தார். 75க்கும் மேற்பட்ட நடிகர்கள் அந்த வேடத்தை ஏற்றிருந்தார்கள். அதன் பிறகும் வரத்து நிற்கவில்லை.

இத்தனையையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை. கொஞ்சம் படிப்பது, படித்ததையே பார்ப்பது, பார்க்கும்போது ஹோம்ஸைவிட, அவர் நண்பரும் கதைகளை நமக்குச் சொல்பவருமான வாட்சன்மேல் அதிகமாகக் கண்வைப்பது: இதுதான் நான் சொல்லும் வழி. ஹோம்ஸாக நடிப்பவர் சுமாராக இருந்தாலும் படம் தப்பித்துவிடும். வாட்சனை எப்படி வைப்பது என்று தெரியாத படம் தேறுவதில்லை. ஏன் என்பதைக் கதைகளிலிருந்தே பார்க்கலாம்.

முதல் படி: சிறுகதையில் தொடங்குங்கள்

ஆர்தர் கானன் டாயில் ஹோம்ஸை வைத்து 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் எழுதினார். முதல் நாவல் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' 1887இல் வெளிவந்தது. வரிசை மாறாமல் அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன் என்று அடம்பிடிக்காதீர்கள். அந்த நாவல் பாதியில் லண்டனை விட்டுவிட்டு அமெரிக்காவின் யூட்டா பாலைநிலத்துக்குப் போய்விடும். அங்கே பல அத்தியாயங்களுக்கு ஹோம்ஸும் இல்லை, வாட்சனும் இல்லை. புதிய வாசகர் புத்தகத்தை மூடிவைக்கும் இடம் அதுதான்.

ஹோம்ஸ் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது 1891 ஜூலை முதல் 'தி ஸ்ட்ராண்ட்' மாத இதழில் வந்த சிறுகதைகளால். தொடர்கதை என்றால் ஓர் இதழ் தவறினாலும் வாசகர் விலகிவிடுவார். இங்கே பாத்திரங்கள் தொடர்ந்தார்கள், ஆனால் கதை அந்தந்த மாதமே முடிந்தது. ஆகவே எந்தக் கதையிலிருந்தும் உள்ளே நுழையலாம். நான் மூன்றைச் சொல்வேன்: 'தி ரெட் ஹெடட் லீக்', 'தி ஸ்பெக்கிள்டு பேண்ட்', 'சில்வர் பிளேஸ்'.

முதலில் 'ரெட் ஹெடட் லீக்'. செந்தலை மனிதர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அடகுக்கடைக்காரர் ஜேபஸ் வில்சனுக்கு அதில் வேலை கிடைக்கிறது. தினமும் காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை உட்கார்ந்து என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவைப் பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். வாரம் 4 பவுண்டு கூலி. ஒருநாள் போனால் கதவு பூட்டியிருக்கிறது, சங்கம் கலைக்கப்பட்டது என்று அட்டை தொங்குகிறது. கேட்டுவிட்டு ஹோம்ஸும் வாட்சனும் சிரிக்கிறார்கள். பிறகு ஹோம்ஸ் அந்த அடகுக்கடைக்கு முன்னால் போய் நின்று, கைத்தடியால் நடைபாதையை இரண்டு மூன்று முறை தட்டுகிறார். கதவைத் தட்டி, பாதிச் சம்பளத்துக்கு வேலைசெய்யும் கடைப் பையனிடம் வழி கேட்கிறார். அவனைப் பார்க்கத்தானே கதவைத் தட்டினீர்கள் என்று வாட்சன் கேட்கும்போது, அவனையல்ல, அவன் கால்சட்டையின் முழங்காலைப் பார்க்க என்கிறார் ஹோம்ஸ்.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திக் கொஞ்சம் யோசியுங்கள். தட்டியதை நீங்களும் பார்த்தீர்கள், முழங்காலைப் பற்றி நீங்களும் கேட்டீர்கள். விடை வாட்சனுக்குத் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை. எதையும் ஒளிக்காமல் முன்னால் வைத்துவிட்டு, பொருளை மட்டும் தள்ளிப்போடும் இந்த வித்தைக்கு வாட்சன் இல்லாமல் முடியாது. அவர் மந்தபுத்திக்காரர் அல்லர். ராணுவ மருத்துவர், 1880இல் ஆப்கானிஸ்தானின் மைவாண்ட் போரில் குண்டடி பட்டவர், துணிச்சல்காரர், நன்றாக எழுதுபவர். நம்மைப் போன்ற ஒரு புத்திசாலி பார்த்தும் பிடிபடாததை ஹோம்ஸ் பிடிக்கிறார் என்பதில்தான் வியப்பு. வாட்சனை முட்டாளாக்கினால் ஹோம்ஸின் உயரமும் கூடவே குறைந்துவிடும்.

'ஸ்பெக்கிள்டு பேண்ட்' ஒரு பூட்டிய அறைக்குள் நிகழும் மரணம் பற்றியது. அதில் வரும் டாக்டர் ராய்லாட் கல்கத்தாவில் மருத்துவம் பார்த்துவிட்டு இங்கிலாந்து திரும்பியவர். இந்தியாவிலிருந்து வரவழைத்த சிவிங்கிப்புலி ஒன்றும் பபூன் குரங்கு ஒன்றும் அவர் தோட்டத்தில் உலாவுகின்றன. பபூன் இந்தியாவில் இல்லாத விலங்கு. கானன் டாயில் இதுபோன்ற விவரங்களைச் சரிபார்க்க நேரம் செலவிட்டவர் அல்லர், அதனால் கதை கெட்டுப்போகவும் இல்லை.

இன்னும் படிக்கத் தோன்றினால், நம் பக்கத்து ஊர்ப் பெயர்கள் இரண்டு கண்ணில் படும். முதல் சிறுகதையான 'எ ஸ்காண்டல் இன் பொஹீமியா'வில், திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த விசித்திரமான துயரத்தை ஹோம்ஸ் தீர்த்துவைத்தார் என்று வாட்சன் ஒரு வரி எழுதுகிறார். அதற்குமேல் அந்த வழக்கைப் பற்றி ஒன்றும் கிடையாது. 'தி ஃபைவ் ஆரஞ்ச் பிப்ஸ்' கதையில், 1883 மார்ச்சில் ஒரு முதியவருக்குக் கடிதம் வருகிறது. உறையைக் கவிழ்த்தால் ஐந்து ஆரஞ்சு விதைகள் உதிர்கின்றன. உறையின்மேல் பாண்டிச்சேரி அஞ்சல் முத்திரை.

மூலம் முழுவதும் இணையத்தில் இலவசமாகவும் சட்டப்படியும் கிடைக்கிறது. குட்டன்பெர்க் திட்டத்தின் தளத்தில் எளிதாக எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு முடிவிலேயே காப்புரிமை தீர்ந்தது. அமெரிக்காவில் கடைசிக் கதைகளும் 2023 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையாகிவிட்டன.

இரண்டாம் படி: படித்த கதையையே திரையில் பாருங்கள்

இதற்கு ஒரே பதில் கிரானடா தொலைக்காட்சியின் தொடர். 1984 முதல் 1994 வரை 41 பகுதிகள், ஹோம்ஸாக ஜெரமி பிரெட். நான் சொன்ன மூன்று கதைகளும் அதில் இருக்கின்றன. ஒரு கதை படியுங்கள், மறுநாள் அந்தப் பகுதியைப் பாருங்கள். இப்படி மூன்று முறை செய்தாலே, தழுவல் என்றால் என்ன, அதில் எதைக் கவனிப்பது என்று கண் பழகிவிடும்.

இந்தத் தொடரை உருவாக்கியவர்கள் மூலக் கதைக்கு உண்மையாக இருப்பதையே நோக்கமாகக் கொண்டார்கள். ஹோம்ஸ் குடியிருக்கும் பேக்கர் தெருவையே மான்செஸ்டரில் கட்டினார்கள். 'ஸ்ட்ராண்ட்' இதழில் சிட்னி பேஜெட் வரைந்த ஓவியங்களைப் பார்த்துக் காட்சிகளை அமைத்தார்கள். பிரெட்டின் ஹோம்ஸ் சட்டென்று பாய்வார், சட்டென்று அடங்குவார். ஒரு கணம் மட்டும் வாயோரத்தில் சிரிப்பு வந்து போகும். கதைகளில் இருக்கும் எரிச்சல், சோர்வு, தனிமை எல்லாம் அந்த முகத்தில் உண்டு. 'தி டெவில்ஸ் ஃபுட்' பகுதியில் கார்ன்வால் கடற்கரையில் ஹோம்ஸ் தன் ஊசிக்குழலை மணலில் புதைப்பார். மூலக் கதையில் அது இல்லை. கொகெய்ன் பழக்கத்தை ஹோம்ஸ் விட்டுவிடுவதாகக் காட்ட விரும்பிய பிரெட், கானன் டாயிலின் மகளிடம் ஒப்புதல் பெற்றே அதைச் செய்தார்.

'ரெட் ஹெடட் லீக்' பகுதியிலும் ஒரு மாற்றம் உண்டு. ஹோம்ஸின் பரம எதிரியான பேராசிரியர் மோரியார்ட்டியை, கதையில் இல்லாதபோதும், அங்கே உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். அடுத்துவரும் 'தி ஃபைனல் பிராப்ளம்' பகுதிக்கு அவர் திடீரென முளைத்தவராகத் தெரியக் கூடாது என்பதற்காக எடுத்த முடிவு அது. கதையை முந்தைய நாள் படித்திருந்தால் அந்த ஒட்டு உங்களுக்கே தெரியும். நல்ல ஒட்டு என்பதும் தெரியும்.

இனி வாட்சன். முதல் 13 பகுதிகளில் டேவிட் பர்க், 1986 முதல் எட்வர்ட் ஹார்ட்விக். பர்க்கின் வாட்சன் இளமையானவர், ஹோம்ஸின் ஒவ்வொரு வித்தைக்கும் கண் விரியும். ஹார்ட்விக் நிதானமானவர், நண்பரின் உடல்நிலை பற்றிய கவலையை வெளியே சொல்லாமல் சுமப்பவர். இருவரில் யார் சிறந்தவர் என்று ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். என் மனம் ஹார்ட்விக் பக்கம்.

1988 வரையிலான பகுதிகளை வரிசையாகப் பாருங்கள். அதன் பிறகு பிரெட்டின் உடல்நலம் குன்றியது, கதைகளும் மூலத்தை விட்டு விலகின. 1993இல் வந்த இரண்டு நீளமான பகுதிகள், 'தி லாஸ்ட் வாம்பயர்', 'தி எலிஜிபிள் பேச்சிலர்' ஆகியவற்றைப் புதியவர்கள் தொட வேண்டாம்.

மூன்றாம் படி: வேட்டை நாயை வைத்து உரசிப் பாருங்கள்

இப்போது ஒரு நாவல் படிக்கலாம். 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' 1901இல் 'ஸ்ட்ராண்ட்' இதழில் தொடராகத் தொடங்கியது. 1893 டிசம்பரில் ஹோம்ஸை அருவியில் விழவைத்துக் கணக்கை முடித்திருந்தார் கானன் டாயில். எட்டு ஆண்டுகள் கழித்து, அந்த மரணத்துக்கு முன்பு நடந்த வழக்கு என்று இதைக் கொடுத்தார்.

இந்த நாவலைத் தழுவல்களின் உரைகல் என்று நான் கருதுவதற்குக் காரணம் இருக்கிறது. 15 அத்தியாயங்களில், ஆறாவதன் தொடக்கத்தில் ரயில் நிலையத்தில் வாட்சனை வழியனுப்பிவிட்டு ஹோம்ஸ் மறைந்துவிடுகிறார். பன்னிரண்டாவதில்தான் திரும்புகிறார். இடையில் டார்ட்மூர் சதுப்புவெளி, சிறையிலிருந்து தப்பிய கைதி, இரவில் அழும் பெண்குரல் எல்லாவற்றையும் வாட்சன் ஒற்றை ஆளாகச் சமாளிக்கிறார். படம் எடுப்பவர் தன் வாட்சனை நம்பியே தீர வேண்டும். நம்ப முடியாதவர் அந்தப் பகுதியைச் சுருக்குவார், அல்லது பேய்க்காட்சிகளால் நிரப்புவார்.

ஒரே கதையின் வெவ்வேறு வடிவங்களைச் சில வாரங்களில் பார்ப்பது அலுப்புத் தரும் என்று தோன்றலாம். இந்தக் கதையில் அப்படி ஆகாது.

1939 படத்தில் பேசில் ராத்போன் ஹோம்ஸ். சுவரொட்டியில் முதல் பெயர் அவருடையது அல்ல, பாஸ்கர்வில் குடும்ப வாரிசான சர் ஹென்றியாக நடித்த ரிச்சர்ட் கிரீனுடையது. கூர்மூக்கும் கணீர்க் குரலுமாக ராத்போன் அந்த வேடத்துக்கே பிறந்தவர் போல இருப்பார். 1946 வரை மொத்தம் 14 படங்களில் நடித்தார். முதல் இரண்டும் விக்டோரியா காலத்தில் நடப்பவை. யுனிவர்சல் நிறுவனம் எடுத்த மற்ற 12ம் இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்கு வந்துவிட்டன, நாஜிகள் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். அவருடைய வாட்சன் நைஜல் புரூஸ். முணுமுணுப்பார், தடுக்கி விழுவார், தவறான ஆளைச் சந்தேகிப்பார். பார்க்க அன்பாகத்தான் இருக்கும். ஆனால் வாட்சன் என்றால் தடுமாறும் கிழவர் என்ற படிமம் உலகம் முழுவதும் பரவியதற்கு அவரே பெரும் காரணம். அதை அழிக்க அடுத்து வந்தவர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1939 படத்தை அவசியம் பாருங்கள். தொடர்ந்து பார்ப்பதென்றால் 1944இல் வந்த 'தி ஸ்கார்லெட் கிளா' போதும். இலவசப் பிரதி தேடுவோருக்கு ஒரு குறிப்பு: யுனிவர்சல் படங்களில் நான்கு பொதுவுடைமையாகிவிட்டதால் மங்கலான பிரதிகள் எங்கும் கிடைக்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் திரைப்படக் காப்பகம் சீரமைத்த பிரதி கிடைத்தால் அதையே எடுங்கள்.

1959இல் ஹேமர் நிறுவனம் இதே கதையை வண்ணத்தில் எடுத்தது. ஹோம்ஸ் வண்ணத்தில் தோன்றிய முதல் திரைப்படம் அது. பீட்டர் குஷிங் ஹோம்ஸ், கிறிஸ்டோபர் லீ சர் ஹென்றி. திகில் படங்களுக்குப் பெயர்போன நிறுவனம் என்பதால் மூலத்தில் இல்லாத சிலந்தி ஒன்று சர் ஹென்றியின் தோளில் ஏறும். வாட்சனாக வரும் ஆந்திரே மோரெல் இருபது ஆண்டுக் கேலிச்சித்திரத்தைச் சத்தமில்லாமல் திருத்தினார். நேராக நிற்கிறார், நிதானமாகப் பேசுகிறார், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவராக இருக்கிறார்.

எனக்கு மிகப் பிடித்தது சோவியத் வடிவம். இகோர் மஸ்லென்னிகோவ் இயக்கத்தில் 1979 முதல் 1986 வரை லென்ஃபிலிம் படநிறுவனம் எடுத்த தொடரில், 1981இல் வந்தது பாஸ்கர்வில்ஸ். ஹோம்ஸாக வசிலி லிவானோவ், வாட்சனாக விட்டாலி சோலோமின். சர் ஹென்றியாக நிகிதா மிகால்கோவ் நடித்திருக்கிறார். லாட்வியாவின் ரிகா நகரில் யௌனியேலா என்ற தெருதான் இவர்களின் பேக்கர் தெரு. வசன வரிகளோடு பார்க்கத் தயங்காதீர்கள், லிவானோவின் கரகரத்த குரலைக் கேட்டாலே போதும். பின்னாளில் பிரிட்டிஷ் அரசு அவருக்குக் கௌரவ விருதே கொடுத்தது. இந்தத் தொடரை முதல் பகுதியிலிருந்து தொடங்கினால் இன்னும் நல்லது. அதில் 'ஸ்பெக்கிள்டு பேண்ட்' கதையும் வருகிறது, நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். அதைவிட முக்கியம் அதற்கு முந்தைய காட்சிகள். புதிதாகக் குடிவந்த வாட்சன், உடன் தங்கியிருக்கும் ஹோம்ஸின் நடமாட்டத்தைக் கண்டு, இவன் ஒரு குற்றக் கும்பலின் தலைவன் போலிருக்கிறதே என்று சந்தேகப்படுகிறார். எழுத்தில் வாட்சன் நமக்குக் கதை சொல்கிறார். திரையில் அந்த வேலையைக் கேமரா எடுத்துக்கொண்டுவிடுகிறது. அப்படியானால் வாட்சனுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு இத்தனை அழகான பதிலை வேறு எந்தப் படமும் தரவில்லை: அவருக்குச் சொந்தமாக ஒரு துப்பறியும் வேலையையே கொடுத்துவிட்டார்கள்.

நான்காம் படி: இன்றைய ஹோம்ஸுக்கு வாருங்கள்

பலரும் தொடங்கும் இடம் இது. நான் இதைப் பின்னால் வைத்ததற்குக் காரணம், பி.பி.சி.யின் 'ஷெர்லக்' தொடர் மூலக் கதைகளை அறிந்தவர்களுக்கு இருமடங்கு விருந்து என்பதே. அதைப் பார்ப்பதற்கு முன் 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலின் முதல் அத்தியாயத்தை மட்டும் படித்துவிடுங்கள். அங்கே வாட்சன் ஒரு பாக்கெட் கடிகாரத்தை ஹோம்ஸிடம் நீட்டி, இதன் உரிமையாளரைப் பற்றிச் சொல்ல முடியுமா என்று சோதிக்கிறார். மூடியின் உட்புறம் அடகுக்கடைக்காரர்கள் கீறிய எண்கள். சாவி கொடுக்கும் துளையைச் சுற்றிலும் கீறல்கள்: இரவில் நடுங்கும் கையோடு சாவி கொடுத்தவன் ஒரு குடிகாரன். அது வாட்சனின் இறந்துபோன அண்ணனின் கடிகாரம். ஹோம்ஸ் சொல்லச் சொல்ல வாட்சன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து அறைக்குள் நடக்கிறார், தன் குடும்ப விவகாரத்தை ரகசியமாக விசாரித்துத் தெரிந்துகொண்டதாக நினைத்து மனம் நொந்து பேசுகிறார். ஹோம்ஸ் மன்னிப்புக் கேட்கிறார். அறிவின் வெற்றி நண்பனின் காயத்தில் போய் முடியும் காட்சி அது.

2010இல் வந்த முதல் பகுதியில் கடிகாரத்தின் இடத்தில் கைபேசி. சாவித் துளையின் இடத்தில் மின்னூட்டும் செருகுதுளை, அதைச் சுற்றி அதே கீறல்கள். பெனடிக்ட் கம்பர்பாட்ச் வாடகைக் காரில் மூச்சுவிடாமல் இதைச் சொல்லி முடிப்பார். ஒரே ஓர் இடத்தில் சறுக்குவார், எங்கே என்பதை நீங்களே பாருங்கள். மார்ட்டின் ஃப்ரீமனின் வாட்சனும் ஆப்கானிஸ்தானிலிருந்து காயத்தோடு திரும்பியவர்தான். 1880இல் நடந்த போரையும் 2010ஐயும் இணைக்க எழுத்தாளர்கள் ஒன்றையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை என்பது வரலாற்றின் கொடுமை. சிறப்புப் பகுதியோடு சேர்த்து மொத்தம் 13. முதல் ஆறும் அருமை. பின்னால் போகப்போக வழக்குகள் சிறுத்து, குடும்ப ரகசியங்கள் பெருத்துவிட்டன. ஆறோடு நிறுத்தினாலும் குறையில்லை.

நியூயார்க்கில் நடக்கும் 'எலிமெண்டரி' 2012 முதல் 2019 வரை 154 பகுதிகள் ஓடியது. போதைப் பழக்கத்திலிருந்து மீளும் ஜானி லீ மில்லரின் ஹோம்ஸுக்குத் துணையாக நியமிக்கப்படும் முன்னாள் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜோன் வாட்சனாக லூசி லியு. மெல்ல மெல்லத் தானே துப்பறிவாளராகிறார். இரவு உணவுக்குப் பின் தினம் ஒன்றாகப் பார்க்க ஏற்ற தொடர் இது.

ராபர்ட் டௌனி ஜூனியர் நடித்த 2009, 2011 படங்களில் அடிதடி அதிகம் என்று குறைசொல்பவர்கள் உண்டு. ஹோம்ஸ் குத்துச்சண்டை தெரிந்தவர் என்று மூலத்திலேயே இருக்கிறது. ஜூட் லாவின் வாட்சன் சோடைபோகவில்லை. தோழமையைப் பார்க்க 2009 படம் ஒன்று போதும்.

தமிழில் மிஷ்கின் இயக்கி 2017இல் வந்த 'துப்பறிவாளன்' ஹோம்ஸ்–வாட்சன் இணையை வெளிப்படையாகவே முன்மாதிரியாகக் கொண்டது. கணியன் பூங்குன்றனாக விஷால், நண்பர் மனோவாகப் பிரசன்னா. தன் நாயைக் கொன்றது யார் என்று ஒரு சிறுவன் வந்து கேட்பதில் வழக்கு தொடங்குகிறது. பெரிய மனிதர்களின் வழக்குகளைத் தள்ளிவிட்டு இதை எடுத்துக்கொள்வது அசல் ஹோம்ஸ் குணம். மனோவுக்குத்தான் இன்னும் கொஞ்சம் வேலை கொடுத்திருக்கலாம்.

இடையில் தெரிந்துகொள்ள வேண்டிய சில

இரு பக்கமும் மடல் கொண்ட தொப்பி சிட்னி பேஜெட்டின் தூரிகை தந்தது. எழுத்தில் 'சில்வர் பிளேஸ்' கதையில் காதுமடல் வைத்த பயணத் தொப்பி என்று மட்டுமே வருகிறது. வளைந்த புகைக்குழாய், 1899 முதல் மேடையில் ஹோம்ஸாக நடித்த வில்லியம் ஜில்லட்டோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அவர் நடித்த 1916 மௌனப் படம் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டு, 2014இல் பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகத்தில் கிடைத்தது. "எலிமெண்டரி, மை டியர் வாட்சன்" என்ற புகழ்பெற்ற வாசகம் அறுபது கதைகளில் ஒன்றில்கூட அப்படியே இல்லை.

ஐந்தாம் படி: கடைசிக்கு விட்டுவைக்க வேண்டியவை

2015இல் வந்த 'மிஸ்டர் ஹோம்ஸ்' படத்தில் இயன் மெக்கெல்லன் 93 வயது ஹோம்ஸ். சசெக்ஸ் கிராமத்தில் தேனீ வளர்க்கிறார், நினைவு தவறத் தொடங்கியிருக்கிறது. தன் கடைசி வழக்கை வாட்சன் வேறு மாதிரி எழுதிவைத்துவிட்டார் என்பது அவர் மனத்தை அரிக்கிறது, உண்மையில் நடந்ததைத் தானே எழுத முயல்கிறார். வாட்சனின் எழுத்தோடு பழகியவருக்கே இந்தப் படத்தின் வலி புரியும்.

அந்தப் படத்தைப் பார்க்கும் வாரத்திலேயே 'தி பிளாஞ்ச்டு சோல்ஜர்', 'தி லயன்ஸ் மேன்' ஆகிய இரண்டு சிறுகதைகளையும் படியுங்கள். 1926இல் வெளிவந்த இவ்விரண்டையும் சொல்பவர் வாட்சன் அல்லர், ஹோம்ஸே. வாட்சனின் எழுத்து மேலோட்டமானது என்று காலமெல்லாம் குறைசொன்னவர், பேனாவைக் கையில் எடுத்ததும், வாசகருக்குச் சுவைக்கும்படி எழுதியாக வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறார். தொடக்கத்திலேயே இவற்றைப் படித்தால் சாதாரணக் கதைகளாகத்தான் தெரியும். குறைந்தது இருபது கதைகளையாவது வாட்சன் சொல்லக் கேட்ட பிறகு எடுங்கள்.